√ப + ம = 7, ப + √ம = 11: ஒன்பதும் நான்கும் தவிர வேறு விடை இல்லை என்று நிறுவுவது எப்படி?

வகுப்பறை எழுதியது:

டிசம்பர் 22 அன்று ராமானுஜன் பிறந்தநாளையொட்டி எங்கள் பள்ளிக் கணித மன்றத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்தேன். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் ராமானுஜன் படித்துக்கொண்டிருந்தபோது, அவரைவிட மூத்த மாணவர் ஒருவர் இதைக் கேட்டதாகவும், அவர் அரை நிமிடத்தில் விடை சொன்னதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படும் கணக்கு இது. ப, ம என்னும் இரண்டு எண்களுக்கு √ப + ம = 7 என்பதும் ப + √ம = 11 என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்க வேண்டும். அந்த எண்கள் எவை என்பதே கேள்வி.

ப = 9, ம = 4 என்று என் மாணவர்களில் ஏழெட்டுப் பேர் சில நிமிடங்களில் சொல்லிவிட்டார்கள். சரிபார்ப்பதும் எளிது: 3 + 4 = 7, 9 + 2 = 11. அத்துடன் கணக்கு முடிந்தது என்று நான் அழிப்பானைக் கையில் எடுத்தபோது கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, "ஐயா, இது ஒரு விடை என்பது தெரிகிறது; இது மட்டும்தான் விடை என்பது எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் வர்க்கப்படுத்திப் பார்த்தேன். நாற்படிச் சமன்பாடு வந்தது. அதிலிருந்து தெரிந்த விடைக்குரிய காரணியை வெளியே எடுத்த பிறகு மிஞ்சிய முப்படிக் கோவை எதற்கும் வளைந்து கொடுக்கவில்லை. மணி அடித்துவிட்டது. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று கூறி வகுப்பை முடித்தேன்.

அந்த மாணவியின் கேள்வி மிகச் சரியானது என்பதால், அரைகுறையான பதிலோடு அவள் முன் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒவ்வொரு படியையும் தாமே சரிபார்க்கக்கூடிய நிரூபணம் இருக்கிறதா? நண்பர்கள் உதவ வேண்டுகிறேன். எழுதும் வசதிக்காக √ப = க, √ம = ச என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது கேள்வி இப்படியாகிறது: க, ச இரண்டும் குறை எண்களாக இல்லாமல், க + ச² = 7, க² + ச = 11 ஆகிய இரண்டையும் நிறைவு செய்யும் இணைகள் எவை?

பின்னம் எழுதியது:

இதற்கு இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ப, ம முழு எண்கள் என்றால் √ப = 7 − ம என்பதும் முழு எண்; √ம = 11 − ப என்பதும் முழு எண். ஆகவே ம ஒரு முழு வர்க்கம். அது 7-ஐத் தாண்ட முடியாது. எனவே ம-வின் மதிப்பு 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்று. ம = 0 என்றால் ப = 11; அப்போது முதல் சமன்பாட்டின் இடப்பக்கம் √11, அது 7 அன்று. ம = 1 என்றால் ப = 10; இடப்பக்கம் √10 + 1, அதுவும் 7 அன்று. ம = 4 என்றால் ப = 9; பொருந்துகிறது. மூன்றே சோதனைகளில் முடிந்துவிட்டது.

வகுப்பறை எழுதியது:

நன்றி. ஆனால் முழு எண்கள் என்று கணக்கில் எங்கும் சொல்லப்படவில்லை. நீங்கள் நிறுவியது, முழு எண் விடை ஒன்றே ஒன்றுதான் என்பதை. ப = 8.73… போன்ற ஓர் எண் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்பதுதான் மாணவியின் கேள்வி. வகுப்பில் ஒரு மாணவர் இதே வாதத்தைச் சொன்னபோது அவள்தான் அந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினாள்.

நேர்கோடு எழுதியது:

வரைபடம் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். முதல் சமன்பாட்டில் க கூடினால் ச குறைய வேண்டும், இரண்டாவதிலும் அப்படியே. இரண்டும் இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போகும் வளைவரைகள். இரண்டும் ஒரே திசையில் இறங்குவதால், ஓரிடத்தில் வெட்டிக்கொண்ட பிறகு மறுபடி சந்திக்க வாய்ப்பில்லை. ஆகவே (3, 2) ஒன்றே வெட்டுப்புள்ளி.

அடுக்குக்குறி எழுதியது:

நேர்கோடு அவர்களே, உங்கள் முடிவு சரி. ஆனால் அந்த முடிவுக்கு உங்கள் காரணம் போதாது. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் ஒரு முறைக்கு மேல் வெட்டிக்கொள்ள முடியாது என்பது உண்மை. இரண்டும் இறங்கும்போது அந்த உறுதி கிடையாது. ஒன்று முதலில் மெதுவாக இறங்கிப் பின்னர் செங்குத்தாகச் சரியலாம். மற்றொன்று முதலில் சரிந்து பின்னர் மெதுவாக இறங்கலாம். அப்போது அவை பல முறை சந்திக்க முடியும்.

சொல்லோடு விட்டுவிடாமல் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். 7, 11 ஆகிய இரண்டுக்கும் பதிலாக வலப்பக்கத்தில் 1, 1 என்று வைத்துப் பாருங்கள்: க + ச² = 1, க² + ச = 1. உங்கள் வாதத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் இங்கும் சொல்லலாம். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் (க − ச) = (க − ச)(க + ச) என்று வருகிறது. ஆகவே க = ச ஆக இருக்க வேண்டும், அல்லது க + ச = 1 ஆக இருக்க வேண்டும். முதல் நிலையில் க² + க = 1; அதன் குறையற்ற மூலம் (√5 − 1)/2, ஏறத்தாழ 0.618. இரண்டாம் நிலையில் க = 1 − ச என்று இட்டால் ச² = ச; ஆகவே ச = 0 அல்லது ச = 1. மொத்தம் மூன்று விடைகள்: (0, 1), (1, 0), (0.618…, 0.618…). மூன்றிலும் க, ச குறை எண்கள் அல்ல. மூன்றுமே உண்மையான விடைகள்.

இறங்குவரைகள் என்ற ஒரே பண்பை மட்டும் பயன்படுத்தும் எந்த நிரூபணமும் இந்த எடுத்துக்காட்டில் தவறான முடிவையே தரும். எனவே சரியான நிரூபணம் 7, 11 என்னும் எண்களையோ, அவற்றிலிருந்து கிடைக்கும் 3, 2 என்னும் எண்களையோ எங்கேயாவது தொட்டாக வேண்டும். நிரூபணம் ஒன்றை எழுதி முடித்ததும், அதையே மூன்று விடைகள் உள்ள கணக்கின் மேல் ஓட்டிப் பார்த்து எங்கே தடுக்கி விழுகிறது என்று கவனிப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். தடுக்கி விழாவிட்டால் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது.

நேர்கோடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். 1, 1 எடுத்துக்காட்டை வரைபடத் தாளில் வரைந்து பார்த்தேன். இரண்டு பரவளையத் துண்டுகளும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மூன்று இடங்களில் வெட்டுகின்றன. என் வாதத்தை இப்போது எண்களைக் கொண்டு செப்பனிட்டிருக்கிறேன். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இது உதவலாம்.

முதல் சமன்பாட்டிலிருந்து க = 7 − ச². க குறை எண்ணாக இருக்கக் கூடாது என்பதால் ச-வின் மதிப்பு 0-க்கும் √7-க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டாவதில் இட்டால் (7 − ச²)² + ச = 11. இடப்பக்கத்தை மூன்று துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கிறேன். ச-வின் மதிப்பு 0 முதல் 1 வரை இருந்தால் 7 − ச² குறைந்தது 6. அதன் வர்க்கம் குறைந்தது 36. ஆகவே இடப்பக்கம் 11 ஆக முடியாது. மறுகோடியில், ச-வின் மதிப்பு 2.5 முதல் √7 வரை இருந்தால் 7 − ச² அதிகபட்சம் 0.75, வர்க்கம் அதிகபட்சம் 0.5625, அதனுடன் ச-வைக் கூட்டினாலும் 4-ஐ எட்டாது. இடையில் உள்ள 1 முதல் 2.5 வரையிலான துண்டில் இடப்பக்கத்தின் வகைக்கெழு 1 − 4ச(7 − ச²). இங்கே ச(7 − ச²) என்பதன் வரைபடம் மேல்நோக்கிக் குவிந்திருப்பதால் அதன் மிகச் சிறிய மதிப்பு துண்டின் ஏதேனும் ஒரு முனையில்தான் இருக்கும். முனைகளில் மதிப்புகள் 6, 1.875. ஆகவே வகைக்கெழு எப்போதும் குறை எண். இடப்பக்கம் இடையறாது இறங்குகிறது. 11 என்ற மதிப்பை ஒரு முறைக்கு மேல் எடுக்க முடியாது. அந்த ஒரு முறை ச = 2.

வகுப்பறை எழுதியது:

இதில் குறை ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு இதைக் கட்டாயம் எடுத்துச் செல்வேன். ஆனால் பத்தாம் வகுப்பில் வகைக்கெழு இல்லையே. இயற்கணிதம் மட்டுமே கொண்டு ஒரு வழி கிடைத்தால் நன்றாக இருக்கும்.

மூலைவிட்டம் எழுதியது:

இரண்டே வரிகளில் முடிகிற வழி ஒன்று உண்டு. கல்லூரி நாள்களில் இக்கணக்கோடு பல மாலைகளைக் கழித்திருக்கிறேன் என்பதால் ஒவ்வொரு படியையும் விரித்து எழுதுகிறேன்.

விடை (3, 2) என்று ஊகித்துவிட்டோம். ஊகித்த விடையைத் தூக்கி எறியாமல், அதைச் சமன்பாட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். 7 என்பது 3 + 4. 11 என்பது 9 + 2. இப்படி எழுதினால் முதல் சமன்பாடு க − 3 = 4 − ச² என்றும், இரண்டாவது க² − 9 = 2 − ச என்றும் மாறுகின்றன. இரண்டிலும் வர்க்க வித்தியாசம் தெரிகிறது:

க − 3 = (2 − ச)(2 + ச)
(க − 3)(க + 3) = 2 − ச

முதல் வரி க − 3 என்பதன் மதிப்பைத் தருகிறது. அதை இரண்டாம் வரியில் இடுங்கள்:

(2 − ச)(2 + ச)(க + 3) = 2 − ச

எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால்:

(2 − ச) [ (2 + ச)(க + 3) − 1 ] = 0

பெருக்கற்பலன் சுழி என்றால் காரணிகளில் ஒன்றாவது சுழியாக வேண்டும். க, ச இரண்டும் வர்க்கமூலங்கள். குறை எண்களாக இருக்க முடியாது. ஆகவே 2 + ச குறைந்தது 2. க + 3 குறைந்தது 3. பெருக்கற்பலன் குறைந்தது 6. அடைப்புக்குள் உள்ளது குறைந்தது 5. அது சுழியாக வழியே இல்லை. எனவே 2 − ச = 0. ச = 2, அதிலிருந்து க = 3, ஆகவே ப = 9, ம = 4. வேறு விடை இல்லை.

வர்க்கமூலம் குறை எண் ஆகாது என்ற ஒரே செய்தியை, அதுவும் ஒரே இடத்தில்தான் பயன்படுத்தியிருக்கிறோம். அடுக்குக்குறி சொன்ன சோதனையையும் இதற்குச் செய்து பார்க்கலாம். 1, 1 கணக்கில் (0, 1) என்ற விடையை வைத்துத் தொடங்கினால் அடைப்புக்குள் (1 + ச)·க − 1 வருகிறது. க சிறிதாக இருக்கலாம் என்பதால் இது சுழியாவதைத் தடுக்க எதுவும் இல்லை. வாதம் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்கிறது.

வகுப்பறை எழுதியது:

மூலைவிட்டம் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இதைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நாற்படிச் சமன்பாட்டை நோக்கி ஓடியபோது 3, 2 என்ற இரண்டு எண்களையும் ஊகம் என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். அவைதான் திறவுகோல் என்று தோன்றவே இல்லை.

மாணவர்கள் வழுக்கக்கூடிய ஓர் இடத்தை இங்கே குறித்து வைக்க விரும்புகிறேன். (2 − ச)(2 + ச)(க + 3) = 2 − ச என்ற வரிக்கு வந்ததும், பெரும்பாலான மாணவர்களின் கை தானாகவே இருபுறமும் 2 − ச என்பதை அடித்துவிடும். அடித்தால் (2 + ச)(க + 3) = 1 என்று வரும்; அதற்கு நமக்கு வேண்டிய வகையில் விடை கிடையாது; ஆகவே கணக்குக்கே விடை இல்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுவார்கள், கண்ணெதிரே 9-உம் 4-உம் இருக்கும்போதே. சுழியாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கக் கூடாது என்ற விதியை ஆண்டுதோறும் சொல்கிறோம். ஆனால் அந்த விதியை மீறினால் இருக்கிற ஒரே விடையும் கைநழுவிப் போகும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்கு இதற்குமுன் கிடைத்ததில்லை. அடிப்பதற்குப் பதிலாக ஒரு பக்கம் கொண்டுவந்து பொதுக்காரணியை எடுக்க வேண்டும் என்பதை இதைக் கொண்டே சொல்லித்தரப் போகிறேன்.

பின்னம் எழுதியது:

என் முதல் பதிவில் அவசரப்பட்டுவிட்டேன். இப்போது எனக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. ஐயா முதலில் முயன்ற நாற்படிச் சமன்பாட்டுக்கு நான்கு மூலங்கள் இருக்க வேண்டுமே. ஒன்று 2. மற்ற மூன்றும் எங்கே போயின? அவை கலப்பெண்களா, அல்லது மெய்யெண்களாக இருந்தும் நாம் விலக்கிவிட்டோமா?

அடுக்குக்குறி எழுதியது:

மூன்றும் மெய்யெண்களே. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஏன் விலக்குகிறோம் என்று காட்டுகிறேன்.

(7 − ச²)² + ச = 11 என்பதை விரித்தால் ச⁴ − 14ச² + ச + 38 = 0. ச = 2 என்று இட்டால் 16 − 56 + 2 + 38 = 0. தொகுமுறை வகுத்தலால் (ச − 2)(ச³ + 2ச² − 10ச − 19) = 0. மிஞ்சிய முப்படிக்கு விகிதமுறு மூலம் இருந்தால் அது ±1, ±19 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கையும் இட்டுப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை. ஐயாவுக்கு அது வளைந்து கொடுக்காததன் காரணம் இதுதான்; விகிதமுறு எண்களைக் கொண்டு அதைக் காரணிப்படுத்தவே முடியாது.

ஆனால் மூலங்களின் இருப்பிடத்தைக் கண்டறிய அவற்றின் துல்லியமான மதிப்பு தேவையில்லை. முப்படியின் மதிப்பு ச = 3 இல் −4; ச = 4 இல் 37. குறி மாறுகிறது, ஆகவே 3-க்கும் 4-க்கும் இடையில் ஒரு மூலம். ச = −1 இல் −8; ச = −2 இல் 1; அவற்றுக்கிடையில் ஒரு மூலம். ச = −3 இல் 2; ச = −4 இல் −11; அங்கும் ஒன்று. முப்படிக்கு மூன்று மூலங்களுக்கு மேல் கிடையாது, மூன்றும் அகப்பட்டுவிட்டன. பின் இரண்டில் ச குறை எண். √ம குறை எண்ணாக முடியாது என்பதால் அவை கழிகின்றன. முதலாவதில் ச 3-ஐவிடப் பெரியது; அப்போது க = 7 − ச² என்பது −2-ஐவிடச் சிறியது; √ப குறை எண்ணாக முடியாது என்பதால் அதுவும் கழிகிறது. இதுவும் பத்தாம் வகுப்புக்கு எட்டக்கூடிய முழுமையான நிரூபணமே. இடையில் குறி மாறினால் மூலம் உண்டு என்பதை மட்டும் வரைபடத்தின் துணையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று இணைகளின் தோராய மதிப்புகள், (க, ச) என்ற வரிசையில்: (−2.805, 3.131), (3.584, −1.848), (−3.779, −3.283). இவை எங்கிருந்தோ வந்த பொய் எண்கள் அல்ல. முதல் இணையில் ப = 7.869, ம = 9.805 என்று கொள்ளுங்கள்; −√ப + ம = 7, ப + √ம = 11 என்ற கணக்குக்கு அது மிகச் சரியான விடை. இரண்டாவது இணை √ப + ம = 7, ப − √ம = 11 என்பதற்கும், மூன்றாவது இரண்டு வர்க்கமூலங்களுக்கும் முன்னால் கழித்தல் குறி இட்ட கணக்குக்கும் விடைகள். வர்க்கப்படுத்தும்போது குறி மறைந்துபோவதால், நாம் கேட்காத மூன்று கணக்குகளின் விடைகளையும் நாற்படிச் சமன்பாடு சேர்த்துத் தந்துவிடுகிறது.

சிறுமம் எழுதியது:

நான் கணித ஆசிரியர் அல்லன்; மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். அடுக்குக்குறி தந்த மூன்று இணைகளைப் பார்த்ததும் திகைத்துப்போனேன், ஏனென்றால் அந்த எண்கள் எனக்கு மனப்பாடம். ஒரு சார்பின் மிகச் சிறிய மதிப்பைத் தேடும் நிரல்களைச் சோதிக்க நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சார்புகளில் ஒன்று ஹிம்மல்பிளாவ் சார்பு. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஹிம்மல்பிளாவ் 1972-இல் வெளியிட்ட நூலால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. அந்தச் சார்பு இதுதான்:

(க² + ச − 11)² + (க + ச² − 7)²

இரண்டு வர்க்கங்களின் கூடுதல் சுழிக்குக் கீழே போக முடியாது. சுழியாக வேண்டுமானால் இரண்டும் தனித்தனியே சுழியாக வேண்டும். ஆகவே அதன் நான்கு அடிமட்டப் புள்ளிகள் என்பவை, ராமானுஜனிடம் கேட்கப்பட்டதாகச் சொல்லப்படும் கணக்கின் நான்கு மெய்யெண் இணைகளே. அதே 7, அதே 11. எந்தப் புள்ளியிலிருந்து தேடலைத் தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து நிரல் நான்கில் ஏதோ ஒரு பள்ளத்தில் போய் விழும்; (3, 2)-இல் விழுந்தால் மற்ற மூன்றும் இருப்பதை அது நமக்குச் சொல்லாது. கணினி ஒரு விடையைக் கண்டுபிடித்துத் தருவதற்கும், எல்லா விடைகளையும் கண்டுவிட்டோம் என்று சொல்வதற்கும் இடையில் உள்ள தொலைவை நான் தினமும் பார்க்கிறேன். அதனால்தான் அந்த மாணவியின் கேள்வி என்னை இவ்வளவு ஈர்த்தது.

மூலைவிட்டம் எழுதியது:

சிறுமம் சொன்ன தொடர்பு எனக்குப் புதியது, மிகவும் மகிழ்ந்தேன். அந்த நான்கு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கை, முன்பு எழுதிய காரணிப்படுத்தலே காட்டிவிடுகிறது. ச = 2 இல்லை என்றால் (க + 3)(ச + 2) = 1 ஆக வேண்டும் அல்லவா? இது ஓர் அதிபரவளையத்தின் சமன்பாடு. ஆகவே விலக்கப்பட்ட மூன்று புள்ளிகளும் (−3, −2) என்ற புள்ளியை மையமாகக் கொண்ட ஒரே அதிபரவளையத்தின் மேல் இருக்கின்றன. எண்களை இட்டுப் பாருங்கள்: முதல் இணைக்கு 0.195 × 5.131, இரண்டாவதற்கு 6.584 × 0.152, மூன்றாவதற்கு (−0.779) × (−1.283), மூன்றும் ஏறத்தாழ 1. அந்த அதிபரவளையத்தின் ஒரு கிளை முழுவதும் −3-க்கு இடப்புறமும் −2-க்குக் கீழேயும் கிடக்கிறது. மறு கிளை, க, ச இரண்டும் குறையற்றவையாக உள்ள கால்வட்டத்துக்குள் நுழையாமலே அதன் மூலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. குறைந்தது 6 என்று நாம் எழுதியதன் வடிவியல் பொருள் இதுதான்.

கலப்பெண்களை அனுமதித்தால் புதிய விடைகள் வருமா என்று ஒருவர் கேட்கக்கூடும். ச-வின் நான்கு மதிப்புகளும் மெய்யெண்கள் என்று அடுக்குக்குறி காட்டிவிட்டார்; ஒவ்வொரு ச-வுக்கும் க = 7 − ச² என்று ஒரே ஒரு க. ஆகவே கலப்பெண்களிலும் அந்த நான்கு இணைகளுக்கு மேல் கிடையாது. வர்க்கமூலத்துக்கு வழக்கமான முதன்மை மதிப்பையே கொண்டால் அங்கும் (9, 4) மட்டுமே விடை.

நேர்கோடு எழுதியது:

மூலைவிட்டம் அவர்களின் முறையைப் பொதுவாக எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒரு முடிவு கிடைத்தது, சரிபார்த்துச் சொல்லுங்கள். வலப்பக்க எண்கள் எவையாக இருந்தாலும், (க₀, ச₀) என்ற ஒரு விடை தெரிந்திருந்தால், வேறு எந்த விடையும் (க + க₀)(ச + ச₀) = 1 என்பதை நிறைவு செய்தாக வேண்டும். இப்போது க₀, ச₀ இரண்டும் மிகை முழு எண்கள் என்று கொள்வோம். அவை குறைந்தது 1. ஆகவே இடப்பக்கம் குறைந்தது 1. மிகச் சரியாக 1 ஆக வேண்டுமானால் க, ச இரண்டும் சுழியாக வேண்டும். அப்போது வலப்பக்க எண்களும் சுழி. ஆனால் க₀ + ச₀² குறைந்தது 2. முரண்பாடு. எனவே √ப + ம, ப + √ம என்னும் வடிவிலுள்ள கணக்கில் மிகை முழு வர்க்கங்களாக ஒரு விடையை ஊகித்துவிட்டால், அதுவே ஒரே விடை.

பின்னம் எழுதியது:

அப்படியானால் விகிதமுறு எண்களாக ஊகித்தாலும் இதே உறுதி கிடைக்குமா?

நேர்கோடு எழுதியது:

கிடைக்காது. க = 1/3, ச = 2/3 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1/3 + 4/9 = 7/9; 1/9 + 2/3 = 7/9. ஆகவே √ப + ம = 7/9, ப + √ம = 7/9 என்ற கணக்குக்கு (1/9, 4/9) ஒரு விடை. இரண்டு வலப்பக்கங்களும் சமம் என்பதால் இடம் மாற்றிய (4/9, 1/9)-உம் விடை. க = ச என்ற நிலையில் க² + க = 7/9; அதன் மிகை மூலம் (√37 − 3)/6, ஏறத்தாழ 0.514, அது மூன்றாவது. முழு எண் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் முடிவும் போய்விடுகிறது.

வகுப்பறை எழுதியது:

இன்று வகுப்பில் மூலைவிட்டத்தின் இரண்டு வரிகளை எழுதினேன். எதிர்பார்த்தபடியே மூன்று பேர் 2 − ச என்பதை அடித்தார்கள். ஏன் கூடாது என்று மற்றவர்களே அவர்களுக்குச் சொன்னார்கள். கேள்வி கேட்ட மாணவி 7/9 எடுத்துக்காட்டை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். ராமானுஜனே பிற்காலத்தில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், ஒன்றன் வர்க்கம் அடுத்ததோடு ஒரு மாறிலியைக் கூட்டியதற்குச் சமம் என்று மூன்று மாறிகள் வட்டமாகச் சுற்றிவரும் சமன்பாட்டுத் தொகுதியை முழுமையாகத் தீர்க்கும்படி கேட்டிருக்கிறார் என்பதையும் சொன்னேன். "முழுமையாக" என்ற அந்தச் சொல்லை மாணவர்கள் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

அந்த மாணவி மாலையில் இன்னொரு கேள்வியோடு வந்தாள். வலப்பக்கத்தில் இரண்டும் ஒரே எண் என்றால், எந்த எண்ணுக்கு ஒரு விடை, எந்த எண்ணுக்கு மூன்று விடைகள் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

அடுக்குக்குறி எழுதியது:

முடியும், ஐயா. அந்த எண்ணை ட என்று கொள்வோம். அது குறை எண் அன்று. கழித்தால் முன்போலவே க = ச அல்லது க + ச = 1. க = ச என்றால் க² + க = ட; இதற்குக் குறையற்ற மூலம் எப்போதும் சரியாக ஒன்று உண்டு. க + ச = 1 என்றால் க² − க + 1 = ட; மூலங்கள் (1 ± √(4ட − 3))/2; ஒன்று க, மற்றொன்று ச. இவை மெய்யெண்களாக இருக்க ட குறைந்தது 3/4 ஆக வேண்டும். இரண்டும் குறையற்றவையாக இருக்க √(4ட − 3) என்பது 1-ஐத் தாண்டக் கூடாது, அதாவது ட 1-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே ட 3/4-ஐவிடப் பெரியதாகவும் 1-க்கு மிகாமலும் இருந்தால் மூன்று விடைகள். மற்ற எல்லா நிலைகளிலும் ஒன்று. ட = 3/4 ஆகும்போது மூன்று விடைகளும் (1/2, 1/2) என்ற ஒரே புள்ளியில் ஒன்றிவிடுகின்றன; அங்கே இரண்டு வளைவரைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கடக்கின்றன.

நேர்கோடு தந்த முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய வாதத்துக்கு உண்மையில் தேவைப்படுவது க₀ × ச₀ குறைந்தது 1 என்பது மட்டுமே. முழு எண்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த நிபந்தனை போதுமானது, கட்டாயமானது அன்று. ட = 1.5 என்று எடுத்தால் க₀ = ச₀ = (√7 − 1)/2, ஏறத்தாழ 0.823, பெருக்கற்பலன் 0.677, ஒன்றைவிடக் குறைவு. ஆயினும் விடை ஒன்றே. வலப்பக்க எண்கள் இரண்டும் வெவ்வேறாக இருக்கும்போது இரண்டு விடைகள் ஒன்றி மறையும் எல்லைக் கோடு எங்கே செல்கிறது என்பதைக் காண, இரண்டு வளைவரைகளும் தொட்டுக்கொள்ளும் நிலையை எழுத வேண்டும். தொடுபுள்ளியில் சாய்வுகள் சமமாக வேண்டும் என்பது 4 × க × ச = 1 என்று வருகிறது. அதிலிருந்து க-வின் ஒவ்வொரு மிகை மதிப்புக்கும் ச = 1/(4க) என்று இட்டால், க + ச², க² + ச என்ற இரண்டு எண்களும் அந்த எல்லைக் கோட்டை வரைந்து தந்துவிடும். க = 1/2 என்று இட்டால் (3/4, 3/4) என்ற கூர்முனை கிடைக்கும். மாணவி வரைபடத் தாளில் க = 1/4, 1/3, 1/2, 3/4, 1 ஆகிய மதிப்புகளுக்குப் புள்ளிகளைக் குறித்துப் பார்த்தால், அந்தக் கூர்முனையிலிருந்து இரண்டு கிளைகள் பிரிவதைத் தானே காண்பாள்.